‘சுமந்தவர்கள்’ லினோ அச்சுப்படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘சுமந்தவர்கள்’ நான் செய்த கறுப்பு வெள்ளை லினோ அச்சுப்படம், அதாவது லினோலியத் தரைவிரிப்பில் செதுக்கி, மை தடவிக் காகிதத்தில் எடுத்த படம். 60 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தில் என் வீட்டுப் பின்கட்டில் செதுக்கி, அங்கேயே அச்சடித்தேன். வாங்கியவர்கள், பள்ளி ஆசிரியர்கள், கோயிலில் பார்க்கும் மாமாக்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டித் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன்.

படத்தை இன்னும் பார்க்கவில்லை. அதில் என்ன இருக்கிறது?

இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒரு மூங்கில் கழி. அதில் ஒரு துணி தொங்குகிறது. பாரம் தாங்காமல் தொய்ந்திருக்கிறது, ஆனால் உள்ளே ஆள் இல்லை. கழிக்குக் கீழே வரிசையாகக் கால்கள், முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மட்டும். பாதங்களைப் புல் மறைத்துவிடுகிறது. கழிக்கு மேலே தோளும் இல்லை, தலையும் இல்லை. உடம்புகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மலை நிற்கிறது, அதன் உச்சியில் ஒரு வெள்ளைக் கோடு. வானத்தில் 40 சின்ன வட்டங்கள். இடது ஓரம் கரும்பு. வலது ஓரத்தில் ஒரு மரம், அதன் கிளையில் ஒரு மணி. மணிக்கு நாக்கு இல்லை.

எந்தப் போர் இது?

1899 அக்டோபரில் தொடங்கி 1902 மே வரை பிரிட்டிஷ் பேரரசுக்கும் போயர்களின், அதாவது இங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினரின், இரண்டு குடியரசுகளுக்கும் இடையே நடந்த போர். ஆங்கிலோ-போயர் போர் என்றுதான் எங்கள் தலைமுறை பள்ளியில் படித்தது. இப்போது தென்னாப்பிரிக்கப் போர் என்று எழுதுகிறார்கள். அடிபட்டது அந்த இரண்டு தரப்பு மட்டுமல்ல என்பதால் அதுதான் சரி என்பது என் கட்சி.

டர்பன் இருக்கும் நாட்டால் பகுதியில் போர் முற்றியபோது காயம்பட்ட சிப்பாய்களைத் தூக்கிவர ஆள் போதவில்லை. 1899 டிசம்பரில் காந்தி முன்னின்று இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டினார். சுமார் 1,100 பேர். அவர்களில் ஏறக்குறைய 300 பேர் ஒப்பந்தம் முடிந்தோ சொந்தச் செலவில் வந்தோ இங்கே வாழ்ந்த சுதந்திர இந்தியர்கள். மிச்சம் 800 பேரும் ஒப்பந்தக் கூலிகள், முதலாளிகளின் அனுமதியோடு வந்தவர்கள். கொலென்சோ, ஸ்பியன் கோப், வால்கிரான்ஸ் என்று துகேலா ஆற்றை ஒட்டி நடந்த சண்டைகளில் காயம்பட்டவர்களைச் சுமந்தார்கள். சில நாள்களில் ஆளைத் தூக்கிக்கொண்டு 20 முதல் 25 மைல் நடந்ததாகக் காந்தியே எழுதியிருக்கிறார். ஆறு வாரம் போலத்தான் படை இருந்தது, அப்புறம் கலைத்துவிட்டார்கள். கூலிகள் வேலைக்குத் திரும்பினார்கள்.

நாட்டாலுக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக வந்த தமிழரும் தெலுங்கரும். அதனால் அந்தக் கால்களில் நம் ஆட்களின் கால்கள் நிறையவே இருந்திருக்கும்.

காந்தியை ஏன் காணோம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சிலர் கேட்கும் தொனியிலேயே கொஞ்சம் கோபம் தெரியும்.

அவரை நான் மறைக்கவில்லை. அவருக்கு இந்த நாட்டில் சிலைகள் இருக்கின்றன, தெருப் பெயர்கள் இருக்கின்றன, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் அவரைக் கீழே தள்ளிய கதை உலகத்துக்கே தெரியும். ஆம்புலன்ஸ் படையின் புகைப்படம் என்று நாம் பார்ப்பதிலும் சீருடையும் தொப்பியுமாக உட்கார்ந்திருப்பவர்கள் தலைவர்கள்தான். எங்கள் ஆயாகூட ‘காந்தி ஐயாவோடு போனவர்கள்’ என்றுதான் சொல்வார். ‘போனவர்கள்’ என்ற அளவோடு கதை நின்றுவிடும். அவர்கள் யார், எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் கரும்பு வெட்டினார்கள் என்பதெல்லாம் அவருக்கும் சொல்லப்படவில்லை.

அந்த இடத்தில் காந்தியின் முகத்தைச் செதுக்கியிருந்தால் எல்லோருடைய கண்ணும் நேரே அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். வட்டக் கண்ணாடி போட்ட ஒரு முகம் 800 ஜோடிக் கால்களை விழுங்கிவிடும். ஓவியம் வரைகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஒரு காட்சியில் முகம் என்று ஒன்று வந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னணிதான்.

அப்படியானால் அந்தக் கால்களுக்காவது முகம் கொடுத்திருக்கலாமே?

யாருடைய முகத்தைக் கொடுப்பது? என் கற்பனையிலிருந்து ஒரு பொதுவான ‘கூலித் தமிழன்’ முகத்தை எடுத்து 800 பேருக்கு ஒட்டுவது எனக்கு அருவருப்பாக இருந்தது. கால்களை மட்டும் ஒவ்வொன்றும் வேறாக இருக்கும்படி செதுக்கியிருக்கிறேன். கெண்டைக்கால் பருத்தவர், நரம்பு புடைத்தவர், சற்று வளைந்த காலுடையவர். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு காலில் பழைய வெட்டுத் தழும்பு தெரியும். கரும்பு வெட்டுகிறவர்களுக்குக் கத்தி பிசகினால் விழும் இடம் அது.

மலை எது? உச்சியில் வெள்ளைக் கோடு என்ன?

ஸ்பியன் கோப். டர்பனிலிருந்து லேடிஸ்மித் பக்கம் சுமார் மூன்று மணி நேரக் கார் பயணம். 1900 ஜனவரி 23 இரவு பிரிட்டிஷ் படை பனிமூட்டத்தில் மலை ஏறியது. உச்சியைப் பிடித்துவிட்டதாக நினைத்து அகழி வெட்டியது. தரை பாறை என்பதால் ஆழமாக வெட்ட முடியவில்லை. காலையில் பனி விலகியபோதுதான் சுற்றியிருந்த உயரமான இடங்களிலெல்லாம் போயர்கள் இருப்பது தெரிந்தது. அன்று முழுக்க அந்தக் குறுகலான உச்சியில் குண்டு பொழிந்தது. பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செத்தவர்களை அதே அகழியில் போட்டு மூடினார்கள். இன்றும் அந்தக் கூட்டுக் கல்லறை வெள்ளைக் கற்கள் அடுக்கி நீளமாகக் கிடக்கிறது. படத்தில் உள்ள வெள்ளைக் கோடு அதுதான்.

இந்திய ஆம்புலன்ஸ்காரர்களைக் குண்டு விழும் எல்லைக்குள் போகச் சொல்வதில்லை என்பது ஏற்பாடு. ஸ்பியன் கோப்பில் அது நிற்கவில்லை. நீங்கள் வரவேண்டும் என்று கட்டாயமில்லை, வந்து காயம்பட்டவர்களை எடுத்துச் சென்றால் அரசாங்கம் நன்றியோடு இருக்கும் என்று தளபதி புல்லர் சொல்லி அனுப்பினார். போனார்கள். அவர்கள் சுமந்தவர்களில் படுகாயமடைந்த ஜெனரல் வுட்கேட்டும் ஒருவர். காயம் ஆறாமல் பின்னால் இறந்துபோனார்.

சுற்றுலா வழிகாட்டிகளுக்கு இந்த மலை பற்றிப் பிடித்த கதை வேறு. காந்தி, சர்ச்சில், லூயி போத்தா என்று பிற்காலத் தலைவர்கள் மூன்று பேர் ஒரே மலையில் இருந்தார்கள் என்பார்கள். உண்மைதான், கேட்க நன்றாகவும் இருக்கும். மலையில் இருந்த மற்ற ஆயிரக்கணக்கானவர்களை மூன்று பேராகச் சுருக்கும் வேலையையும் அந்தக் கதை ஓசைப்படாமல் செய்துவிடுகிறது.

இன்னொன்று. லிவர்பூல் கால்பந்து மைதானத்தில் ‘கோப்’ என்று ஒரு பார்வையாளர் மேடை இருக்கிறதே, அதன் பெயர் இந்த மலையிலிருந்து போனது. இங்கே செத்தவர்களில் லங்காஷயர் படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் பலர் என்பதால் 1906-இல் அப்படி வைத்தார்கள். டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் எத்தனை தமிழ் வீடுகளில் சிவப்பு ஜெர்சி தொங்குகிறது! கோப் என்று கத்துகிற தம்பிகளில் எத்தனை பேருக்கு அந்த மலை நம் மாகாணத்திலேயே இருப்பது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

இது காவடியா?

தைப்பூசம் கழிந்த வாரத்தில் படத்தைப் பார்த்த பாதிப் பேர் இதைக் கேட்டார்கள். வேறு சிலர் தூளி என்றார்கள், குழந்தையைப் போட்டு ஆட்டுகிற தூளி.

உண்மையில் அவர்கள் தூக்கியது இரண்டு கழி வைத்த ஸ்ட்ரெச்சர். அதை ஒற்றைக் கழியாக்கித் துணியைத் தொங்கவிட்டது நான்தான், வேண்டுமென்றேதான். ஸ்ட்ரெச்சரை அப்படியே வரைந்தால் மருத்துவமனை ஞாபகம் வரும். தோளில் கழி என்றால் டர்பன் தமிழர் உடம்புக்கு அது வேறு மாதிரி தெரியும். காவடி என்று பார்க்கிறவர்களிடம் இல்லை என்று நான் சொல்வதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. காவடி நாமே நேர்ந்துகொண்டு எடுப்பது. இந்தப் பாரத்தை எடுத்தவர்களில் எத்தனை பேர் தாமாக முன்வந்தார்கள், எத்தனை பேர் முதலாளி ‘போ’ என்றதால் போனார்கள்? ஐந்து வருட ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவனிடம் ‘விருப்பமா’ என்று கேட்பதே ஒரு விசித்திரம். அதனால்தான் இடது ஓரத்துக் கரும்பை ஜன்னல் கம்பிபோல நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.

வானத்தில் உள்ள 40 வட்டங்கள்?

நட்சத்திரம் இல்லை, பதக்கம். படையில் தலைவர்கள் சுமார் 40 பேர் என்று காந்தி எழுதுகிறார். போர்ப் பதக்கம் தலைவர்களுக்குத்தான் வந்தது. அவர் தன்னுடையதை 1920-இல் வைஸ்ராய்க்கே திருப்பி அனுப்பிவிட்டார். படத்தில் ஒரே ஒரு வட்டம் மட்டும் வெறும் வளையமாக இருக்கும், தேடிப் பாருங்கள்.

நாக்கு இல்லாத மணி ஏன்?

போயர்கள் லேடிஸ்மித் நகரத்தை 1899 நவம்பர் 2 முதல் 118 நாள் முற்றுகையிட்டிருந்தார்கள். ஊருக்கு வெளியே உம்புல்வானா மலையில் அவர்களுடைய பீரங்கி. ஊருக்குள் அகப்பட்டிருந்தவர்களில் பிரபு சிங் என்ற ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர். அவர் ஒரு மரத்தில் ஏறி உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருப்பார். பீரங்கி வாயில் மின்னல் தெரிந்ததும் மணி அடிப்பார். குண்டு வந்து விழுவதற்குள் ஜனங்கள் ஓடி ஒளிந்துகொள்வார்கள். பின்னால் வைஸ்ராய் கர்சன் அவருக்கு ஒரு காஷ்மீர அங்கி அனுப்பினார். டர்பன் நகர மண்டபத்தில் மேயர் கூட்டம் போட்டு அதைக் கொடுத்தார்.

ஒப்பந்தத் தொழிலாளிகளில் பெயர் தங்கியது இப்படி ஒருவருக்கு. அவர் தமிழர் இல்லை, ஆம்புலன்ஸ் படையிலும் இல்லை. ஆனால் அந்த மணியை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நாக்கை ஏன் எடுத்தேன் என்றால், ஊருக்கெல்லாம் அபாயம் சொன்னவருடைய பேச்சு ஒரு வரிகூட நம்மிடம் இல்லை.

வெள்ளைக்காரன் சண்டையில் நாம் சுமந்ததை எதற்குக் கொண்டாட வேண்டும்?

கொண்டாடவில்லை. அன்றைக்கே இது சண்டைக்குரிய விஷயம்தான். தன் சொந்த அனுதாபம் போயர்கள் பக்கம் இருந்தது என்று காந்தி பின்னால் எழுதினார். பிரிட்டிஷ் குடிமகன் என்று உரிமை கேட்கிறோம், அதனால் கடமையையும் செய்வோம் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு பலிக்கவில்லை. 1895 சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்குகிறவர்கள் தலைக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். குண்டுக்கு நடுவே ஆள் தூக்கியவர்களுக்கும் அது நீங்கவில்லை. 1913-இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் வெடித்து, கரும்புத் தோட்டங்களுக்குப் பரவி, ஆயிரக்கணக்கானோர் சிறை போன பிறகு, 1914-இல்தான் அந்த வரி ஒழிந்தது. சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளிவந்து இறந்த வள்ளியம்மையைத் தமிழ்நாடே அறியும். அந்தப் பெண்ணை நினைக்கிற நமக்கு, அதற்கு 14 வருடம் முன்பு துகேலாக் கரையில் நடந்தவர்களை நினைக்கச் சங்கடமாக இருப்பது எனக்குப் புரிகிறது. போராடியவர்களை நினைப்பது எளிது. சொன்னதைச் செய்துவிட்டு வேலைக்குத் திரும்பியவர்களை எந்தக் கணக்கில் வைப்பது? அதைத்தான் இந்தப் படத்தில் கேட்டிருக்கிறேன்.

ஆப்பிரிக்கர்கள் எங்கே?

சரியான கேள்வி. ஒரு ஜூலு நண்பர்தான் முதலில் கேட்டார்.

அந்தப் போரில் பிரிட்டிஷ் முகாம்களில் அடைக்கப்பட்டு இறந்த போயர் மக்கள் சுமார் 28,000 பேர், பெரும்பாலும் குழந்தைகள். அவர்களுக்கு 1913-இலேயே புளூம்ஃபொன்டைனில் பெரிய நினைவுச்சின்னம் எழும்பிவிட்டது. அந்தத் துக்கத்தின் மேல் ஒரு முழுத் தேசியவாதமும் எழும்பியது. கறுப்பின மக்களுக்குத் தனி முகாம்கள் இருந்தன. அங்கே பதிவான சாவுகளே 14,000-க்கு மேல். அவர்களைப் பற்றிப் பொதுவெளியில் பேசவே முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

என் படத்தில் அவர்களைத் தனி உருவமாகக் காட்டவில்லை. கால்கள் எல்லாம் ஒரே கறுப்பு மையில் இருக்கின்றன, எது யாருடையது என்று பிரிக்க முடியாது என்று அந்த நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். ‘அது நீ தப்பிக்கிற பதில்’ என்றார். இன்னும் அவரோடு அந்த வாதம் முடியவில்லை.

ஏன் லினோ? எண்ணெய் ஓவியமாகச் செய்திருந்தால் விலையும் கிடைக்கும் அல்லவா?

கிடைக்கும். ஆனால் இந்த மண்ணில் லினோவுக்கு ஒரு வம்சம் இருக்கிறது. ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் சணல் துணிமேல் படிய வைத்துச் செய்யும் தரைவிரிப்புதான் லினோலியம். மலிவு. கையால் செதுக்கலாம், அச்சு இயந்திரம் இல்லாமலே அச்சடிக்கலாம். 1960-களின் தொடக்கத்தில் பேடர், உல்லா கோவேனியஸ் என்ற ஸ்வீடன் நாட்டுத் தம்பதி நம் மாகாணத்தில் ஒரு கலை மையம் தொடங்கினார்கள். அது நிலைகொண்ட இடம் ரோர்க்ஸ் டிரிஃப்ட். 1879-இல் பிரிட்டிஷாரும் ஜூலுக்களும் மோதிக்கொண்ட அதே இடம். நிறவெறி ஆட்சியில் கறுப்பின இளைஞர்களுக்குக் கலைக் கல்வி கிடைத்த மிகச் சில இடங்களில் அது ஒன்று. அசாரியா எம்பாத்தா பைபிள் கதைகளை ஆப்பிரிக்க முகங்களோடு லினோவில் செதுக்கினார். ஜான் முவாஃபாங்கேஜோ படத்துக்குள்ளேயே வாக்கியங்களைச் செதுக்கிவைத்தார், ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டையையும் அப்படிச் செய்திருக்கிறார். போரின் ஞாபகத்தைச் சொல்ல லினோ போதும் என்று நான் கற்றது அவர்களிடம்தான்.

இன்னொரு காரணம், பிரதி. கல்லில் வைத்த நினைவுச்சின்னம் நட்ட இடத்தில் நிற்கும், நாம்தான் போக வேண்டும். இது முப்பது வீட்டுக் கூடத்துக்குப் போகிறது.

எப்படிச் செய்தீர்கள்?

முதலில் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாற்றி லினோமேல் படியெடுக்க வேண்டும். குளிர்ந்த லினோ உடையும், உளிக்கு இணங்காது. டர்பன் வெயிலில் பத்து நிமிடம் வைத்தால் வெண்ணெய்போல வெட்டுப்படும். கால்களுக்கு மெல்லிய வி-உளி, வானத்துக்கு அகலமான யு-உளி. புல்லை வெட்டத்தான் அதிக நேரம் போனது. ஒவ்வொரு புல்லும் இரண்டு வெட்டு, கீழிருந்து மேலாக, முடிவில் கையைத் தூக்கிவிட வேண்டும். அப்போதுதான் நுனி கூராக வரும்.

மையைக் கண்ணாடித் தட்டில் உருளையால் தேய்க்கும்போது ஒரு சத்தம் வரும். மை அதிகமானால் ‘சளக் சளக்’ என்று ஒட்டும். பதம் வந்தால் பட்டுப்புடவை உரசுகிற சரசரப்பு. அந்தச் சத்தம் வந்த பிறகுதான் கட்டையில், அதாவது செதுக்கிய லினோமேல், உருட்டுவேன். அதன்மேல் ஜப்பானியக் காகிதத்தை விரித்து, மரக் கரண்டியின் முதுகால் அங்குலம் அங்குலமாகத் தேய்க்க வேண்டும். மெல்லிய காகிதம் என்பதால் மை பிடித்த இடம் பின்பக்கமே நிழலாகத் தெரியும். ஒரு பிரதிக்குத் தோள்பட்டை விட்டுப்போகும். ஈரக் காற்றில் எண்ணெய் மை காய ஒரு வாரம் ஆகிறது.

செதுக்கி எடுத்த இடம் மறதி, விட்ட இடம் நினைவு என்று சொல்லலாமா?

எல்லாக் கண்காட்சியிலும் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். சொல்லிக்கொள்ளுங்கள், ஆனால் நான் சொன்னதாக எழுதாதீர்கள். வெட்டின இடம் வெள்ளை, வெட்டாத இடம் கறுப்பு, அவ்வளவுதான். இந்தப் படத்தில் கல்லறையும் பதக்கமும் வெட்டி எடுத்த இடங்கள். அவை இரண்டும் நன்றாகவே நினைவில் இருக்கின்றன.

சிவப்பே இல்லையே? போர்ப் படம் என்கிறீர்கள்.

கையில் செஞ்சிலுவைப் பட்டையோடு கால்களுக்கு மேலே கைகள் வரைந்து, பட்டைக்கு மட்டும் சிவப்பு அடித்து ஒரு சோதனைப் பிரதி எடுத்துப் பார்த்தேன். அழகாக இருந்தது. அழகு அதிகமாகிவிட்டது என்றுதான் எடுத்துவிட்டேன்.

எத்தனை பிரதிகள்? கட்டையை அழித்துவிடுவீர்களா?

30 பிரதிகள், கீழே பென்சிலில் எண் இருக்கும். முடிந்ததும் கட்டையின் குறுக்கே கீறி ரத்து செய்வது வழக்கம், மறுபடி அச்சடிக்க மாட்டேன் என்பதற்கு வாங்கியவர்களுக்குத் தரும் உறுதி. நானும் கீறுவேன், கரும்பு இருக்கும் ஓரத்தில்.

வீட்டில் மாட்டும்போது கவனிக்க வேண்டியது?

டர்பன்காரர்களுக்குப் பூஞ்சைதான் எதிரி. அமிலமற்ற அட்டை வைத்து, கண்ணாடி காகிதத்தைத் தொடாதபடி சட்டமிடச் சொல்லுங்கள். குளியலறைச் சுவர் வேண்டாம், நேர் வெயில் வேண்டாம். சாமி அறையில் மாட்டலாமா என்று ஓர் அம்மா கேட்டார். சாம்பிராணிப் புகை படும், கூடத்திலேயே மாட்டுங்கள் என்றேன்.

பள்ளியில் காட்டலாமா? பிள்ளைகள் செய்து பார்க்கலாமா?

தாராளமாக. பாடத்துக்குப் படம் எடுத்துக் காட்ட அனுமதி கேட்க வேண்டியதில்லை. செதுக்குவதென்றால் பத்து வயதுக்கு மேல் இருக்கட்டும். ஒரே விதி, பிடிக்கிற கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும். பாடமாக நடத்துகிற ஆசிரியர்கள் 1899-ஓடு நிறுத்தாமல் 1906-க்கும் போகலாம். பம்பாத்தா என்ற தலைவரின் பின்னால் ஜூலுக்கள் எழுந்த கிளர்ச்சியை அரசு நசுக்கியபோது காந்தி மறுபடி ஒரு சின்னச் சுமைப்படை கொண்டுபோனார், 24 பேர். இந்த முறை அவர்கள் மருந்து போட்டது பெரும்பாலும் ஜூலுக்களுக்கு. குண்டுக் காயத்தைவிடச் சவுக்கடிக் காயம்தான் அதிகம். வெள்ளைக்காரர்கள் தொட மறுத்த புண்கள் அவை.

அடுத்த படம் அதுதானா?

ஆமாம். லினோ வாங்கியாயிற்று. அதில் முதுகுகள் மட்டும் இருக்கும். அந்த ஜூலு நண்பரை இந்த முறை செதுக்குவதற்கு முன்பே கூப்பிட்டிருக்கிறேன்.